தயிர்சாதம் சாப்பிட்ட நாய்

புரட்டாசி மூணாவது சனிக்கிழமை, மத்தியான நேரம். எங்கள் ராஜபாளையம் வீட்டுக் கூடத்தில் ஒரு வேட்டை நாய் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். வட்டிலில் மூக்கை வைக்கும், எடுக்கும், எங்கள் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்க்கும். இதெல்லாம் உங்களுக்கே நியாயமா இருக்கா என்று கேட்கிற பார்வை.

கூடத்தின் இன்னொரு ஓரத்தில் என் மகள் கோதை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சாம்பல் நிற முயல். அதற்குப் பெயர் சீனி. நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றேன், கையில் கரண்டியோடு. கரண்டி எதற்கு என்று இன்று வரை எனக்கே தெரியாது.

எங்கள் வீட்டுக்காரர் நெற்றியில், காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைச் சேவித்து இட்டுக்கொண்ட திருமண் அப்படியே இருந்தது. ஒரு கையில் நாயின் வாரைப் பிடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல. பழகிடும்," என்றார்.

இந்த வாரம் நான் எழுத வந்தது இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். நாயும் முயலும் எல்லாம் அதற்குப் பொறவு.

கூடையோடு வந்தவள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தைப் போன வாரம் எழுதியதும், ஒரு வாசகி கேட்டிருந்தார்: 'உங்க வீட்டுக்காரர் இதெல்லாம் படிக்கிறாரா?' படிக்கிறார். தன்னைப் பற்றி வருகிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கிறார். இந்த வாரம் அவருக்கு வேலை அதிகம்.

கோதை எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். பெண் பிறந்தால் வேறென்ன பெயர் வைக்கப் போகிறேன்? சில வருசத்துக்கு முந்தி அவளைத் தென்காசியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு உரக்கடை. பார்க்க லட்சணம். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார், குனிந்து பேசுவார். கோதையோடு தனியாக இருக்கும்போது மட்டும் கை நீட்டுவார்.

முதல் தடவை அவள் வந்தபோது கன்னத்தில் விரல் தடம் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பால்கோவா வாங்கிக் கொடுத்து, ரெண்டு நாள் வைத்திருந்து, தானே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகிடும்," என்றார். ரெண்டாம் தடவை அவருடைய தங்கை, செட்டியார்பட்டியில் இருக்கிற என் நாத்தனார், கொண்டுபோய் விட்டாள். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அவள்தான். அவளும் பழகிடும் என்றுதான் சொன்னாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே அகராதி.

மூணாம் தடவை யாரிடமும் சொல்லாமல் கோதையே வந்து இறங்கினாள். ஆவணிக் கடைசி. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கூடை. கூடையைத் துண்டு போட்டு மூடியிருந்தாள். நகையைத்தான் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறாள் என்று நினைத்து, அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. துண்டை விலக்கினால் உள்ளே ரெண்டு காது.

"நகை எல்லாம் அங்கதாம்மா இருக்கு. இத விட்டுட்டு வந்தா அவர் இத உயிரோட விட மாட்டாரு," என்றாள்.

நான் போய் அருகம்புல் பறித்து வந்தேன்.

ஆக, ஒரு முயலைக் காப்பாற்ற அவள் ஓடி வந்த இடம் எது? ராஜபாளையம். முயலைத் துரத்துவதற்கென்றே ஒரு நாய் ஜாதியை வளர்த்து, அதற்குத் தன் பெயரையே கொடுத்து, தபால் தலை வரைக்கும் கொண்டுபோன ஊர்.

துரை

எங்கள் வீட்டு நாயின் பெயர் துரை. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு, நீளக் கால். வீட்டில் அவனை நாய் என்று சொல்லக் கூடாது. 'அது' என்றும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மா ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, உங்க குக்கயைச் செத்த நேரம் கட்டிப் போடுங்களேன் என்று நயமாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் முகம் கொடுக்கவில்லை. அவர்கள் பேச்சில் நாய்க்கு அதுதான் பெயர் என்று சொன்னேன். பெயர் தெரியாதா, துரைன்னு சொல்ல வேண்டியதுதானே என்றார்.

கறி எடுக்கிற அன்று ஈரலில் முதல் துண்டு துரைக்கு. ரெண்டாவது அவருக்கு. மிச்சம் இருந்தால் எங்களுக்கு.

அவருக்குத் தொழில் பேண்டேஜ் துணி. சொந்தமாகத் தறிக்கூடம். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ காயத்தில் கட்டுகிற துணி இங்கிருந்து போகிறது. ஊர் காயத்துக்கெல்லாம் துணி அனுப்புகிற மனுசனுக்கு, மகள் கன்னத்தில் இருந்தது காயமாகவே தெரியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் துரையின் வம்சத்தைச் சொல்லாமல் காப்பி கொடுக்க விட மாட்டார். இவன் பாட்டன் செண்பகத்தோப்பு அடிவாரத்தில் முயலை எப்படி மடக்கினான் தெரியுமா என்று ஆரம்பிப்பார். 'முயல்' என்கிற இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிடும். இப்போது அந்தப் பக்கம் நாயோடு போனால் வனத்துறைக்காரர்கள் நாயையும் பிடிப்பார்கள், ஆளையும் பிடிப்பார்கள். பாட்டன் கதை எப்படியோ, துரை தன் ஆயுசில் ஒரு முயலை நேரில் பார்த்ததில்லை. கோதை வந்து கூடையைக் கீழே வைக்கும் வரைக்கும்.

அன்று துரை குரைக்கவில்லை. வாலாட்டவும் இல்லை. ஒரு காலைத் தூக்கியபடி, கூடையைப் பார்த்துச் சிலை மாதிரி நின்றான். எங்கள் வீட்டுக்காரர், பாரு என்ன மரியாதையா நிக்குதான் என்றார். எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா சொன்னதும் இவர் கேட்டதும்

கோதைதான் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். சின்ன வயசுப் பெண். பொறுமையாக எல்லாம் சொன்னார்.

முயல் தனி அறையில் இருக்கட்டும். கூண்டைத் தரையில் வைக்காமல் மேடையில் வையுங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி போடுங்கள். ஒளிய இடமில்லாவிட்டால் முயல் பயத்திலேயே செத்துப்போகும், கடிக்கவே வேண்டாம். நாயை நன்றாக நடக்கக் கூட்டிப்போய், வயிறு நிறையப் போட்ட பிறகுதான் முயல் இருக்கிற பக்கமே விட வேண்டும், அதுவும் வாரோடு. ஒன்றின் வாசம் மற்றொன்றுக்குத் தெரியட்டும் என்று துணியை மாற்றிப் போடலாம். ஆனால் ரெண்டையும் தனியாக ஒரே இடத்தில் கண் சிமிட்டும் நேரம்கூட விடாதீர்கள்.

கடைசியில் துரையைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "இது மூக்கை விடக் கண்ணை நம்புற ஜாதி. முயல் சும்மா உக்காந்திருக்க வரைக்கும் சாதுவா இருக்கும். அது ஓடிருச்சுன்னா, பொறவு இது உங்க பேச்சக் கேக்காது. சில நாய் பழகும், சிலது கடைசி வரைக்கும் பழகாது. பழகலைன்னா தப்பு இல்ல, கதவ மூடி வச்சாப் போதும்."

இவ்வளவையும் எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்ததும், என்ன சொன்னாங்க என்று சோதித்துப் பார்த்தேன். "துணிய மாத்திப் போடணும். சில பேர் பழகிடுவாங்களாம்," என்றார். எக்ஸ்சேஞ்சில் லைன் சரியில்லாதபோது இப்படித்தான் பாதிப் பேச்சு மட்டும் போய்ச் சேரும்.

துணிக்கு மட்டும் எங்கள் வீட்டில் என்றுமே பஞ்சம் கிடையாது. தறிக்கூடத்திலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணி வந்தது. சீனியின் முதுகில் துடைத்து துரை படுக்கிற சாக்கில் போடுவார். துரையைத் துடைத்து சீனியின் கூண்டுப் பக்கம் போடுவார். பார்க்கிறவர்கள் ரெண்டுக்கும் பெரிய ஆபரேசன் ஆகியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

பந்தயம்

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள் செட்டியார்பட்டி நாத்தனார் வந்தாள். தென்காசியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பேசினாராம். புரட்டாசியில் நல்ல பேச்சு எதுவும் வேண்டாம், ஐப்பசி பிறந்ததும் வந்து பேசி, பிள்ளையைக் கூட்டிப்போகிறோம் என்றாராம். நாத்தனாருக்கு முகமெல்லாம் பல்.

கோதை கூடத்துக்கு வந்து, நான் போகலை அத்தை என்றாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கைக்கு முன்னால் மகள் எதிர்த்துப் பேசியது பொறுக்கவில்லை. ஆனால் அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. வியாக்கியானம் சொல்கிற ஆள். துரை படுத்திருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"ஏட்டி, ஜென்மப் பகை ரெண்டு பேருக்கும். புரட்டாசி முடியுறதுக்குள்ள துரையையும் உன் முயலையும் ஒரே கூடத்துல உக்கார வச்சுக் காட்டுதேன். அம்புட்டு பகையே பழகும்னா, தாலி கட்டுனவனோட நீ பழக மாட்டியா? நான் காட்டிட்டேன்னா நீ ஒரு தடவ போய்ப் பாக்கணும்."

கோதை அவரையே பார்த்தாள். அப்புறம், சீனி என் மடியில்தான் இருக்கும், இறக்கி விட மாட்டேன் என்றாள். வாரை நீங்கள் கையை விட்டு விடக் கூடாது என்றாள். போறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாத்தனாரும் அப்படியே எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டி போய்ச் சேர்ந்தாள்.

அடுப்படியில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். என்ன பிள்ளை இது, ஒருவேளை அந்த நாய் சும்மா உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"உக்காந்தாத்தாம்மா எனக்குப் பயமே. முதல் ஆறு மாசம் அவரும் அப்படித்தான் உக்காந்திருந்தாரு," என்றாள்.

இவள் இந்தத் தடவை போனால் திரும்பி வருவாளா என்பதுதான் எனக்கு அந்த மாசம் முழுக்க ஓடிய ஒரே நினைப்பு.

அணில் கதையின் மிச்சம்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் இதைத்தான் தன் கட்சிக்குச் சாட்சியாக வைத்திருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. ஓட்டுக்கூரையிலிருந்து விழுந்த ஒரு அணில் குஞ்சை என் அண்ணன் பஞ்சில் பால் தொட்டு வளர்த்தான். அது வளர்ந்து மணியின் முதுகிலேயே படுத்துத் தூங்கும். ரதவீதியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக்காரரும் பார்த்தார். என்னைப் பார்த்ததை விட அதிக நேரம் பார்த்தார்.

அவர் கதை முதுகில் தூங்குவதோடு முடிந்துவிடும். எங்கள் கல்யாணத்துக்குப் பொறவு நடந்ததை எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு ஏறாது. ஒருநாள் அணில் வைத்திருந்த நிலக்கடலையை மணி மோந்து பார்த்தது. அணில் அதன் மூக்கை நறுக்கென்று கடித்தது. மணி அலறிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தது. எங்களைப் பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே வாலாட்டும், இந்தப் பக்கம் வராது.

நான் அந்த நாயைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்வீட்டில் அணில் இல்லை.

சைவம்

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. நிறைய வீடுகளில் அப்படித்தான். ஆனால் நாயையும் விரதம் இருக்க வைத்த வீடு எங்கள் தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான். வீட்டில் கறி வாசம் வரக் கூடாது என்பார். துரைக்குக் காலையில் பால் சோறு, ராத்திரி தயிர்சாதம். சனிக்கிழமைகளில் பொங்கல்.

வருசா வருசம் நடக்கிறதுதான். இந்த வருசம் அதில் ஒரு தத்துவம் சேர்ந்துகொண்டது. கறி தின்றால்தானே புத்தி கறி மேல் போகும்? சைவமாக இருக்கிற மாசத்தில் துரைக்குச் சாந்த குணம் வந்துவிடும், முயலைப் பார்த்தால் ஒரு ஜீவனைப் பார்த்தது மாதிரி இருக்கும் என்றார். டாக்டரம்மா வயிறு நிறையப் போடச் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். நிறையத்தான போடுதோம், ஒரு சட்டி தயிர்சாதம் என்றார். துரை அதில் பாதியைக் காக்காய்க்கு விட்டுவிட்டான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசத்துக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் சுவரோரம் நிற்பான். அதைத் தியானம் என்று சொல்லாததுதான் குறை.

மூணாவது சனிக்கிழமைக்கு நாள் குறித்தார். காலையில் மலைக்குப் போய்த் தீர்த்தமும் துளசியும் கொண்டுவந்தோம். தீர்த்தத்தை முதலில் துரை தலையில் தெளித்தார். துரை உதறிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது

ஆக, நான் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். மடியில் முயல், வாரில் நாய், கரண்டியோடு நான்.

அன்று மத்தியானமே தயிர்சாதம் வைத்தாகிவிட்டது. துரை வட்டிலை விட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்தான். சீனி அசையவில்லை. துரையும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் இப்படி அமைதியாக இருந்ததுதான் எனக்குப் பயம்.

அவர் ஜெயித்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றியது. ஜெயித்ததை யாருக்காவது காட்ட வேண்டுமே. செல்போனை எடுத்துச் செட்டியார்பட்டிக்கு வீடியோ கால் போட்டார். போனைப் பிடிக்க ஒரு கை, பொத்தானை அமுக்க ஒரு கை. வாரைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டார்.

"அப்பா, வாரு," என்றாள் கோதை.

"மிதிச்சிருக்கேன்ல," என்றார். போனில் நாத்தனார் முகம் வந்தது. துரையையும் முயலையும் சேர்த்துக் காட்டுவதற்காக ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசிலடித்தது.

சீனி கோதையின் மடியிலிருந்து எப்படித் துள்ளியது என்று யாருக்கும் தெரியாது. தரையில் அதன் கால் பட்டதும், துரை படுத்திருந்த இடத்தில் துரை இல்லை. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது முயல். அதன் பின்னால் வெள்ளையாக என்னமோ ஒன்று பாய்ந்தது. ஸ்டூல் விழுந்தது, போன் விழுந்தது. நாத்தனாருக்கு அங்கே எங்கள் மின்விசிறி மட்டும் தெரிந்திருக்கும். சீனி பீரோவுக்கு அடியில் நுழைந்தது. துரை வாயில் ஒரு கொத்து சாம்பல் ரோமம்.

கோதை பீரோவுக்கு முன்னால் குறுக்கே விழுந்து படுத்துவிட்டாள். துரை அவள் தோளுக்கு மேல் மூக்கை நுழைத்தான். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். ஏலே துரை, ஏலே துரை என்று கெஞ்சினார்.

துரை திரும்பி அவர் கையைக் கடித்தான்.

குட்டியிலிருந்து சோறு போட்ட கை. அதே கையைத்தான் கடித்தான். அவர் பிடியை விடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரத்தம் சொட்டச் சொட்ட இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கட்டிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுப் பிள்ளை

கோதை தரையில் படுத்தபடியே பீரோவுக்கு அடியில் பார்த்தாள். மூச்சு விடுதும்மா என்றாள். உள்ளே கொஞ்சம் கொத்தமல்லித் தழையைத் தள்ளிவிட்டு, கூடத்துக் கதவை எல்லாப் பக்கமும் சாத்தித் தாழ் போட்டாள். அப்புறம் அப்பாவைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், கடிபட்ட இடத்தில் சோப்புப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, போதும் போதும் என்று அவர் சொன்ன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போடுகிற இடத்தில் நர்ஸம்மா என்ன கடித்தது என்று கேட்டார்.

"துரை," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். நான்தான் இடையில் புகுந்து, வீட்டில் வளர்க்கிற நாய், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

"கடிக்கிற நாயா?"

"கடிக்க மாட்டான்," என்றார் இவர், ரத்தக் கையை நீட்டிக்கொண்டே.

காயத்தில் சுற்றிய பேண்டேஜ் துணியைப் பார்த்ததும் இவர், இழை நெருக்கம் போதாது என்று முணுமுணுத்தார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது.

திரும்பி வருகிறபோது ஆட்டோவில் கோதை நடுவில் உட்கார்ந்திருந்தாள். வலிக்குதாப்பா என்று கேட்டாள்.

"வலியை விடு. நம்ம வீட்டுப் பிள்ளன்னு நெனச்சேன் அவன," என்றார்.

"நானும் அவரை நம்ம வீட்டு ஆளுன்னுதான்பா நெனச்சேன்," என்றாள் கோதை.

அவர் தன் கட்டுப் போட்ட கையை எடுத்து அவள் மடியில் வைத்தார். வீடு வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.

ரெண்டு கதவு

சீனி சாயங்காலம் வரைக்கும் பீரோவை விட்டு வரவில்லை. வந்த பிறகும் மறுநாள் வரைக்கும் ஒன்றும் தின்னவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்து, பிழைத்துக்கொள்ளும் என்றார். எங்கள் வீட்டுக்காரரிடம், அன்றைக்கு நான் சொன்னேனே என்று கேட்கவில்லை. நல்ல பெண்.

திங்கட்கிழமை வெல்டிங் பட்டறைக்காரர் வந்தார். வீட்டுக்குக் குறுக்கே கம்பி வலை போட்டு, நடுவில் சின்ன நடை விட்டு, அந்தப் பக்கம் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு கதவு. ஒன்றைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். முன்பக்கம் துரைக்கு. பின்பக்கம் கோதைக்கும் சீனிக்கும். பின்பக்கம் இருந்தது எங்கள் வீட்டுக்காரருடைய அறை. துரை பரிசு வாங்கிய கோப்பைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அத்தனையையும் அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் போட்டார். ஒரு பெட்டி மிஞ்சியது. அதைச் சீனி ஒளிந்துகொள்ளட்டும் என்று கூண்டில் வைத்தார்.

துரையை அவர் ஒன்றும் செய்யவில்லை. யாருக்காவது கொடுத்துவிடுவோமா என்று நான் கேட்டதற்கு, அவன் மேல என்ன தப்பு என்றார். தினம் ரெண்டு வேளை நடக்கக் கூட்டிப்போனார். அந்தப் புரட்டாசியிலேயே, மீதி நாள் இருக்கும்போதே, துரைக்கு மட்டும் முட்டை வந்தது. பெருமாளுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி

ஐப்பசியில் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, பெரியப்பா, கூடவே செட்டியார்பட்டி நாத்தனார். மாப்பிள்ளை வரவில்லை, கடையில் சரக்கு இறங்குகிறதாம். பழமும் பூவும் தட்டில் வைத்திருந்தார்கள். துரையைக் கொல்லையில் கட்டியிருந்தோம். கோதை வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்தேன்.

சம்பந்தி நயமாகத்தான் பேசினார். வாலிப வயசு, முன்கோபம், இனி நடக்காது, ரெண்டு பேரும் அனுசரித்துப் போனால் என்று ஒவ்வொன்றாக வந்தது. நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த வார்த்தையைச் சொன்னாள். "எல்லாம் பழகிடும்ணே."

எங்கள் வீட்டுக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கையில் இன்னும் கட்டு இருந்தது. இந்தத் தடவை அவரே நெய்த துணி.

"நான் நாய் வளக்குதேன்," என்றார்.

இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து நாய் என்கிற வார்த்தை வந்து நான் கேட்டது அன்றுதான். நாத்தனார்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என்னையே கடிச்சிருச்சு. அதுக்கு நல்லது கெட்டது தெரியாது, ஓடுறதப் பாத்தாப் பாயும். அதனால ஒரு வீட்ட ரெண்டாக்கி, கதவு போட்டு வச்சிருக்கேன். உங்க பையன் அப்படி இல்ல. பெரியவங்க வந்தா எந்திரிச்சு நிக்கத் தெரியுது. யாரு இருக்கும்போது அடிக்கக் கூடாது, எப்ப அடிக்கலாம்னு தெரியுது. எல்லாம் தெரிஞ்சவருக்குப் போடுறதுக்கு எங்கிட்ட வாசக் கதவுதான் இருக்கு."

எழுந்துபோய் வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். பழத்தட்டைத் தூக்கி அவரே சம்பந்தி கையில் கொடுத்தார். அவர்கள் போனார்கள். நாத்தனார் மட்டும் வாசலில் நின்றாள். வாரேண்ணே என்றாள். வா என்றார்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு, வலைப் பக்கம் வந்தார். முதல் கதவைத் திறந்து, உள்ளே போய், சாத்தித் தாழ் போட்டார். ரெண்டாவது கதவைத் திறந்தார். தாழ் சரியாக விழுந்ததா என்று திரும்பி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கோதை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையில் கையை வைத்தார். அவருக்கு வியாக்கியானம் எதுவும் வரவில்லை.

ஒரு மாசம் கழித்து அன்றுதான் வீட்டில் கறி. பின்பக்கம் கோதையோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், வழக்கம் போல முதல் ஈரல் துண்டை எடுத்தார். கொல்லையிலிருந்து கூட்டிவந்து முன்பக்கம் விட்டிருந்த துரை, வலைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றான்.

அவர் அதைக் கோதை தட்டில் வைத்தார்.